கணினி யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம். ஆயினும், 'இனி இது உதவாது' என்று தீர்ப்புக் கூறுபவன் வேறொருவன்!

2025 அக்டோபர் 14ஆம் நாள், விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினி, தாழ்ப்பாள் இல்லாத வீடு. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்பர். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டுமாம். அது இல்லாத பழைய கணினி தகுதியற்றதாம்! திரை மங்கவில்லை, விசை தேயவில்லை, ஆனாலும் குப்பைக்குப் போக வேண்டுமாம்!

மாற்று இல்லையா? உண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்து நிற்கிறது. அதை விலையின்றிப் பெறலாம். மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். கேரளத்து அரசுப் பள்ளிகளில் மாணவர் பயில்வது அதில்தான்.

குறையே இல்லை என்று கூறமாட்டோம். டாலியில் கணக்கெழுதுவோரும், போட்டோஷாப்பில் சுவரொட்டி அமைப்போரும் விண்டோஸை விடுவது கடினம். அவர்களைக் குறை கூறோம். ஆனால், கடிதம் எழுதவும், செய்தி படிக்கவும், தீர்மானம் அச்சிடவும் மட்டுமே கணினி வைத்திருக்கும் சங்க அலுவலகத்துக்குப் புதுக் கணினி எதற்கு?

தோழர்களே! பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, உள்ளிருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் இயங்குகிறதா, தமிழ்த் தட்டச்சு சரியா எனச் சோதியுங்கள். ஒத்துவந்தால், கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு மாறுங்கள். சங்கப் பணம் தொழிலாளியின் வியர்வை, அது வீணாகலாகாது!