மாட்டுக்குக் காலண்டர், மகளுக்கு பீரோவா?

நம்ம தலத்தெருவுல எந்த விவசாயி வீட்டுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. சுவத்துல தொங்குற காலண்டர்ல பசுவுக்குச் சினை ஊசி போட்ட தேதி இருக்கும். சம்பாவுக்கு நாத்து விட்ட நாள், யூரியா போட்ட நாள், நடவு ஆள் கணக்கு எல்லாம் நோட்டுல இருக்கும். எங்க வீட்டுலயும் இருக்கு. அதே வீட்டுல மாசமா இருக்குற பொண்ணுக்குப் போன மாசம் ரத்தம் எத்தனை பாயிண்ட்டுன்னு கேளுங்க. "அதெல்லாம் அட்டையில நர்ஸம்மா எழுதியிருப்பாங்க" என்பார்கள். அட்டை எங்கே? பீரோவில், நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில்.

அரசாங்கம் கொடுக்கிற தாய் சேய் அட்டை அது. எடை, பிரஷர், ரத்த அளவு எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. நாமதான் அதை முதல் பிரசவத்துக்கு மத்திய அரசு தர்ற 5,000 ரூபாயை வாங்குற சீட்டா நினைக்கிறோம்.

கோபத்துக்குக் காரணம் சொல்றேன். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு என் மக வீட்டுக்கு வந்தா. கால் வீங்கியிருந்துச்சு. "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்"னு சொன்னது வேற யாருமில்ல, நான்தான். எட்டாம் மாசம் தலைவலி, கண்ணு மங்கல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா பிரஷர் 160/110. அப்புறம்தான் அட்டையை விரிச்சுப் பாத்தேன். 110/70, 122/80, 136/88. படிப்படியா ஏறியிருக்கு. எழுதினவங்க சொல்லல. வச்சிருந்த நாங்க படிக்கல. 140/90 தொட்டா ஆபத்துன்னு அவளுக்கே தெரியாது. தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. அதுல எங்க சாமர்த்தியம் ஒண்ணுமில்ல.

"அது டாக்டர் வேலை, இவளுக்கு எதுக்கு?" என்கிறார்கள். டாக்டர் மாசத்துல பத்து நிமிஷம் பாக்குறார். மீதி நாளெல்லாம் அந்த உடம்போட இருக்கிறது அவதான். இரும்புச் சத்து மாத்திரை 180 நாள் சாப்பிடணும். குமட்டுது, கறுப்பா போகுதுன்னு பாதியில நிறுத்துனதும், டீயோட சேத்து முழுங்குனதும் அவளுக்குத்தான் தெரியும். டீ இரும்பை உடம்புல சேர விடாது. கால்சியம் மாத்திரையையும் அதோட சேத்துப் போடக்கூடாது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, நாட்டுல கர்ப்பிணிகள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. மாத்திரை கொடுத்துமா இந்தக் கதி?

ஜப்பான்ல 1948லேருந்து தாய் சேய் கையேடு இருக்கு. அதுல டாக்டர் எழுதவும் இடம் உண்டு, தாய் எழுதவும் இடம் உண்டு. நமக்கு ஃபோன்ல செயலிகூட வேணாம். ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். மாத்திரை போட்டாச்சா, என்ன சாப்பிட்டா, எவ்வளவு நேரம் தூங்கினா, ஏழாம் மாசத்துக்கு மேல பிள்ளை வழக்கம்போல அசையுதா. தினம் நாலு வரி. அசைவு குறைஞ்சாலோ, விடாத தலைவலி, முகவீக்கம், ரத்தப்போக்குன்னாலோ எழுதிக்கிட்டு உக்காரக் கூடாது. அப்பவே கிளம்பணும்.

ஒண்ணு, அந்த நோட்டு அவ நோட்டு. மாமியார் மார்க் போடுற நோட்டும் இல்ல, புருஷன் கணக்குக் கேக்குற நோட்டும் இல்ல. நர்ஸம்மாக்களே, கட்டத்தை நிரப்பும்போது "போன தடவையை விட ஏறியிருக்கும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

மத்தவங்க இன்னைக்கு ராத்திரி பீரோவைத் திறங்க. அட்டையை எடுத்து, அது யாரோடதோ அவங்க கையில குடுங்க.