கலப்பைக்கு பிரேக் கிடையாது

டீசல் இன்ஜினோடு ஒரு மோட்டாரையும் பேட்டரியையும் கோத்துவிட்டால் எந்த வண்டியாக இருந்தாலும் டீசல் மிச்சம் என்று ஊரே நம்புகிறது. மதுரைக்குள் ஓட்டுவதற்குக் கார் வாங்கப் போகிறவர் இப்படி நம்பினால் குற்றமில்லை. இப்போது உசிலம்பட்டியிலும் பேரையூரிலும் டிராக்டருக்கு முன்பணம் கட்டப் போகிறவரும் நம்ப ஆரம்பித்திருக்கிறார். “ரெண்டு வருசம் பொறுங்கண்ணே, ஹைப்ரிட் டிராக்டர் வரப்போகுது, டீசல் பாதிதான் ஆகும்” என்று சொல்ல டீக்கடைக்கு ஓர் ஆள் இருக்கிறார். ஜேசிபி, பொக்லைன், டிப்பர், கதிர் அறுக்கிற வண்டி என்று ரோட்டை விட்டு இறங்கி வேலை செய்கிற அத்தனைக்கும் இதே ஜாதகம்தான் கணிக்கப்படுகிறது. கணிப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது: மிச்சமாகப் போகிற அந்த டீசல் இப்போது எங்கே வீணாகிறது? அந்த இடத்தைக் காட்டாமல் மிச்சக் கணக்கு போட முடியாது.

காரில் காட்ட முடியும். பைபாஸ் ரோட்டில் வேகம் பிடித்து வருகிற கார், பெரியார் பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணத் தேவையில்லை. ஓட்டுகிறவரின் காலுக்கே தெரியும். 1,200 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் ஏறக்குறைய 115 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் அது முழுவதும் சூடாகிக் காற்றில் போகிறது. ஹைப்ரிட் காரில், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி அந்த ஆற்றலில் ஒரு பங்கைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்புகிறது. மறுபடி கிளம்பும்போது அதையே செலவழிக்கிறது. சிக்னலில் இன்ஜினையும் அணைத்துவிடுகிறது. 2022-இல் வந்த கிராண்ட் விட்டாராவும் இன்னோவா ஹைகிராஸும் நெரிசலில் நல்ல மைலேஜ் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டுமே பெட்ரோல் வண்டிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி வயலுக்கு வாருங்கள். இரண்டு டன் டிராக்டர், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். அதன் ஓட்டத்தில் இருக்கிற ஆற்றல் 2 கிலோஜூல்கூடத் தேறாது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36,000 கிலோஜூல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினிலிருந்து வேலையாக வெளியே வரும் என்றே வைத்துக்கொள்வோம், 12,000. பிரேக்கிலிருந்து ஒரு லிட்டர் டீசலைத் திரும்பப் பிடிக்க வேண்டுமென்றால் டிராக்டரை 6,000 முறை நிறுத்தியாக வேண்டும், அதுவும் ஒரு துளி இழப்பில்லாமல். உழவில் பிரேக் என்ற வேலையே கிடையாது என்பது வேறு. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் மண்ணே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். வரப்போரம் திருப்பும்போது ஒரு பக்க பிரேக்கை அமுக்குவார்கள், அவ்வளவுதான். திருமங்கலம் கரிசலில் ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்கிற வண்டி காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரே பாரத்தை ஒரே மூச்சில் இழுக்கிறது. செலவான சக்தி முழுவதும் மண்ணைப் புரட்டப் போய்விட்டது. புரண்ட மண்ணிலிருந்து எந்த பேட்டரியும் எதையும் வாங்கி வைக்காது.

இங்கே ஒருவர் ரயில் இன்ஜினைக் காட்டுவார். டீசல் ரயில் இன்ஜின் டீசல்-எலெக்ட்ரிக்தானே, டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்ற, மின்சாரம் அச்சில் இருக்கிற மோட்டாரைச் சுற்றுகிறதே என்பார். உண்மைதான். ஆயிரக்கணக்கான டன்னை நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும். அந்தப் பாரத்தைக் கிளட்சும் கியரும் தாங்காது. அதனால் மின்சாரம் நடுவில் வந்தது. டீசல் மிச்சம் பிடிக்கிற பேட்டரி அதில் இல்லை. டைனமிக் பிரேக் போடும்போது மோட்டாரில் உற்பத்தியாகிற மின்சாரத்தைக்கூட இன்ஜினுக்குள் இருக்கிற கம்பிச் சுருளில் விட்டு, சூடாக்கி, மின்விசிறி வைத்து வெளியே ஊதித் தள்ளுகிறார்கள்.

கேட்டர்பில்லர் 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி7இ புல்டோசரும் இந்த ஜாதிதான், பேட்டரி இல்லாத டீசல்-எலெக்ட்ரிக். மண் தள்ளும் அளவுக்கு 10 முதல் 30 விழுக்காடுவரை டீசல் குறையும் என்று நிறுவனம் சொன்னது. நம்பலாம். ஏனென்றால் அந்த ரக புல்டோசரில் டார்க் கன்வெர்ட்டர் என்ற எண்ணெய்ச் சுழல் இருக்கும். கனத்த பாரத்தில் அதற்குள்ளேயே நிறையச் சக்தி சூடாக வீணாகும். அதை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்தார்கள், வீணான இடம் அடைபட்டது. நம் டிராக்டரில் டார்க் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது? பல்லோடு பல் கடித்துச் சுற்றுகிற கியர்பெட்டிதான். அதைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்று மூன்று படிகளை வைத்தால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும்.

2019-இல் ஜெர்மனியின் ஹானோவர் வேளாண் கண்காட்சியில் குஜராத் நிறுவனம் ஒன்று இப்படி ஒரு டிராக்டரை வைத்து, டீசலில் கால்பங்குக்கு மேல் மிச்சம் என்றது. இன்ஜினை எப்போதும் அதற்குத் தோதான சுற்றிலேயே வைத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் சரக்கு இருக்கிறது. ஆனால் அந்த வேலையை நம் ஊர் டிரைவர் கையாலேயே செய்யலாம், காசு செலவில்லாமல். லேசான உழவுக்கும் காலி டிரெய்லருக்கும் ஒரு கியரை ஏற்றிப் போட்டு, கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அதே வேகத்தில் வண்டி போகும், இன்ஜின் குறைந்த சுற்றில் தோதாக வேலை செய்யும். கரும்புகை கக்கி இன்ஜின் முனகினால் ஏற்றியது அதிகம், ஒரு கியர் இறங்க வேண்டும். நடைமுறையில் நடப்பது என்ன? காலையில் ஆக்சிலேட்டர் கம்பியைக் கடைசிவரை இழுத்துவிட்டு, சாயங்காலம்தான் அதைத் தொடுகிறார்கள். ரோட்டாவேட்டருக்கு முழுச் சுற்று வேண்டும், சரி. ஐந்து கொத்துக் கலப்பைக்கு 50 ஹெச்பி வண்டியை முழுச் சுற்றில் அலறவிடுவது எதற்கு? பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதில் விழட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் டீசல் வீணாகிற பெரிய ஓட்டை சக்கரத்தில் இருக்கிறது. பின்பக்கத்துப் பெரிய டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு டயர் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர் வந்த இடத்தில் இப்போது 30 மீட்டர்தான் வருகிறதென்றால் நாலில் ஒரு பங்கு சுற்று வெறும் வழுக்கலில் போகிறது. காய்ந்த நிலத்தில் 10 முதல் 15 விழுக்காடு வழுக்கலாம், இழுவைக்கு அது வேண்டியதுதான். அதற்கு மேல் போனால் நாம் டயரைத் தேய்ப்பதற்கு டீசல் ஊற்றுகிறோம். பொத்தான் தேய்ந்து மொழுமொழுவென்று ஆன டயர், காற்று அளவு பார்க்காமல் கல்லு மாதிரி அடித்து வைத்த டயர், ரோட்டில் டிரெய்லர் இழுக்க வைத்திருந்த காற்றோடு அப்படியே வயலில் இறங்குகிற டயர்: மேலூர் செம்மண்ணிலும் சரி, பேரையூர் கரிசலிலும் சரி, இதுதான் காட்சி. டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பினால் பின்பாரம் கிடைக்கும். சோழவந்தான் பக்கம் தொழி அடிக்கும்போது கேஜ் வீல் மாட்டுவதும் இதே பிடிமானத்துக்காகத்தான். சக்கரத்தைச் சுற்றுவது டீசலா கரண்டா என்பது மண்ணுக்குத் தெரியாது, வழுக்கல் வழுக்கல்தான்.

இன்னொரு ஓட்டை, சும்மா ஓடுகிற இன்ஜின். டீ குடிக்கப் போகிற டிரைவர் வண்டியை அணைப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். கேட்டுப் பார்த்தால் “அணைச்சா செல்ஃப் எடுக்காதுண்ணே” என்பார். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருக்கும். 12 வோல்ட் பேட்டரியை மாற்றப் பணம் ஒதுக்காத முதலாளிதான் பல நூறு வோல்ட் ஹைப்ரிட் பேட்டரிக்குக் காத்திருக்கிறார்.

அரசாங்கமும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. 2015 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் திட்டத்தில் மின்சார வண்டிகளோடு லேசான ஹைப்ரிட் டீசல் கார்களுக்கும் மானியம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வந்த சியாஸ், எர்டிகா டீசல் வகைகளில் இருந்த சின்ன மோட்டாரால் தனியாக வண்டியை நகர்த்த முடியாது. இன்ஜினுக்குக் கைகொடுக்கும், நின்றால் அணைத்துக் கிளப்பும், அவ்வளவுதான். 2017 ஏப்ரலிலிருந்து அந்த வகைக்கு மானியத்தை நிறுத்திவிட்டார்கள். 2016-இல் வந்த ஸ்கார்பியோ இன்டெலி-ஹைப்ரிட்டுக்கு நிறுவனமே சொன்ன மிச்சம் அதிகபட்சம் 7 விழுக்காடு. ஸ்கார்பியோவை மதுரையில் எதற்காக வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்தது, மைலேஜ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பின்கதவில் ஒட்டிய அந்தச் சொல் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ரோட்டை விட்டு இறங்குகிற எல்லா வண்டிக்கும் ஹைப்ரிட் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பொக்லைன் நின்ற இடத்தில் நின்று, அள்ளி, மேல்பாகத்தை வீசித் திருப்பி, கொட்டி, மறுபடி திரும்புகிறது. நாள் முழுக்க இதே ஆட்டம். பல டன் எடையைச் சுழற்றுவதும் நிறுத்துவதுமே அதன் பிழைப்பு. அதனால்தான் கொமாட்சு 2008-இல் ஹைப்ரிட்டை முதலில் பொக்லைனில் கொண்டுவந்தது. சுழற்சியை நிறுத்தும்போது வருகிற மின்சாரத்தைக் கெபாசிட்டரில் பிடித்து அடுத்த வீச்சுக்குக் கொடுக்கிறார்கள். இதில் வீணாகிற இடமும் தெரிகிறது, பிடிக்கிற வழியும் தெரிகிறது. சுவிட்சர்லாந்தில் ஒரு சிமென்ட் குவாரியில் பேட்டரி டம்பர் ஒன்று காலியாக மலை ஏறி, கல்லை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும்போது பிரேக்கிலேயே சார்ஜ் ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு மேலூர் குவாரிக்கும் வேண்டும் என்றால், பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்கச் சொல்வேன். அங்கே பாரம் ஏறி வருகிறது, காலி வண்டிதான் இறங்குகிறது.

இதெல்லாம் பழைய காலத்து ஆள் பேச்சு என்பவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது கரிவாயுவில் வண்டி ஓட்டுகிற டிவிஎஸ் கேஸ் பிளான்ட்டைச் செய்து ஓட்டிக் காட்டிய ஊர் இது. பெட்ரோலே இல்லை என்ற நிலைமைக்கு அது சரியான மருந்து. இன்று உழவனுக்கு என்ன வியாதி என்று பார்க்காமல் மருந்துப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். ஆடிப்பட்டத்தில் இன்வெர்ட்டர் கெட்டுப்போனால் லேப்டாப்போடு ஆள் வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கும். நாசில் கெட்டால் பக்கத்து ஊர் பம்ப் சர்வீஸ் கடையில் ஒரு நாளில் முடிகிறது.

டிராக்டருக்கு மைலேஜ் கேட்கிறவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது; அங்கே சோதித்த டிராக்டருக்கு, ஒரு யூனிட் வேலைக்கு எத்தனை கிராம் டீசல் என்பதுவரை அறிக்கையில் எழுதுகிறார்கள். கல்லடிப்பட்டியில் டாஃபே ஆலையே டிராக்டர் செய்கிற வட்டாரம் இது. ஆனாலும் வாங்கப் போகிறவர் ஹெச்பியையும் சீட்டையும் சைலன்சரையும் பார்க்கிறார், அந்த அறிக்கையைக் கேட்பதில்லை. விற்கிறவரும் வாயைத் திறப்பதில்லை.

வாடகைக் கணக்கையும் பாருங்கள். உழவானாலும் அறுப்பானாலும் இங்கே பெரும்பாலும் மணிக்கணக்குதான். வேளாண்மைப் பொறியியல் துறை விடுகிற வண்டிக்கும் மணிக்கணக்குதான். சக்கரம் வழுக்கினால் நேரம் கூடுகிறது, கூடுகிற நேரத்துக்கு நிலத்துக்காரர் பணம் கொடுக்கிறார். டீசல் வண்டிக்காரர் கையைக் கடித்தாலும் மணிக்கூலி அதை மூடிவிடுகிறது. நாளைக்கு ஹைப்ரிட் வந்தால் வண்டி விலை கூடும், மணிக்கூலியும் அதோடு கூடும், மிச்சமாகிற சொட்டு டீசல் வண்டிக்காரர் டேங்கில் நிற்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிற ஊர்களில் வண்டிக்காரர்களே டயரைக் குனிந்து பார்க்கிறார்கள்.