முதலில் எதை மாற்றுவது: சைலன்சரையா, பிரேக்கையா?



ஆர்.கே.பேட்டை இளைஞர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. யமஹா ஆர்15 போன்ற ஒரு பைக்கை வாங்கியாயிற்று. கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கிறது. முதலில் எதை மாற்றுவது? சைலன்சரையா, ஈசியூவையா, ஏர் ஃபில்டரையா? பெரியவர்கள் சிலரோ இந்தக் கேள்வியையே ஹராம் என்று தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பாரையும் நாம் மறுக்கிறோம்.

பெரியவர்களே, வேகத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. உணவாலும் பயிற்சியாலும் உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். அவ்வாறு தயாரிக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் பங்கேற்றார்கள். வாகனத்தின் திறனை மேம்படுத்துவது அன்றே இருந்தது. ஆனால் திறனுக்கேற்ற தூரமும், தொடக்கமும், முடிவும் வரையறுக்கப்பட்டிருந்தன.

இளைஞர்களே, இப்போது உங்களிடம் வருகிறோம். ஆர்15இன் 155 சிசி இன்ஜின் தருவது சுமார் 18 குதிரைத்திறன். சைலன்சரை மட்டும் மாற்றினால் அதில் கூடுவது சொற்பம், கூடுவதெல்லாம் சத்தம்தான். புகையை வடிகட்டும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டால், பின்னால் வருபவரின் நுரையீரலுக்கும் நீங்கள் கடனாளி ஆகிறீர்கள்.

"சத்தம் இருந்தால்தான் லாரிக்காரர் நம்மைக் கவனிப்பார்" என்று ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. சைலன்சரின் வாய் பின்புறம் நோக்கியிருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் முன்னாலிருந்து வருகிறது. முன்னால் இருப்பவரை எச்சரிக்க ஹாரனும் விளக்கும் உள்ளன. இரவுப் பணி முடித்து உறங்கும் தறித் தொழிலாளியும், தொட்டில் குழந்தையும், இஷா தொழுகையில் நிற்கும் முதியவரும் உங்கள் பைக்கைக் கவனித்துத்தான் ஆகவேண்டுமா? லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் நடையில் நடுநிலையையும் குரலில் தாழ்வையும் சேர்த்தே சொன்னார்கள். வெறுக்கத்தக்க குரலுக்கு எந்தப் பிராணி அங்கே உவமையானது என்பதை ஓதியவர்கள் அறிவர்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அமைத்த அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. உரிமம் பெறுகையில் சாலை விதிகளை ஏற்றுக்கொள்கிறோம். வாக்குறுதியை நிறைவேற்றச் சொல்லும் மார்க்கத்தில் அதுவும் வாக்குறுதியே.

அப்படியானால் எதை மாற்றுவது? கணக்கைப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடியில் பைக் கடப்பது ஏறத்தாழ 17 மீட்டர். வேகம் 80 ஆனால், கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ 1.8 மடங்காக நீள்கிறது. நிற்கும் திறனைக் கூட்டாமல் ஓடும் திறனைக் கூட்டுவது, கடிவாளம் இல்லாத குதிரைக்குக் கொள்ளு வைப்பது போன்றது.

ஆகவே முதல் செலவு டயருக்கு: ரிம்முக்குப் பொருந்தும் அதே அளவில், நல்ல பிடிமானமுள்ள டயர். அகலமாகத் தெரியவேண்டும் என்று பெரிய டயரைத் திணித்தால் அதன் வளைவு கெட்டு, திருப்பத்தில் பைக் தடுமாறும். அடுத்தது, தரமான பிரேக் பேட்; ஈரத்தை உறிஞ்சிப் பலமிழந்த பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். பின்பு செயினும் ஸ்ப்ராக்கெட்டும். இவற்றோடு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று. எஞ்சிய பணத்தை ஓட்டுநருக்கே செலவிடுங்கள்: முறையான பயிற்சி, எந்த உதிரிபாகமும் தராத திறனைத் தரும்.

வேகத் தாகம் அப்போதும் தணியவில்லையா? அதற்கும் இடம் உண்டு. ஒரு காலத்தில் நம் மாவட்டத்துச் சோழவரம் விமான ஓடுதளத்திலேயே பந்தயங்கள் நடந்தன. இன்று இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே எதிரில் பேருந்து வராது. குறுக்கே பள்ளிச் சிறுவன் ஓடமாட்டான்.

அரஃபாவிலிருந்து திரும்பியபோது, ஒட்டகங்களை அடித்து விரட்டும் இரைச்சல் கேட்ட நபி (ஸல்) அவர்கள் மக்களை நிதானிக்கச் சொன்னார்கள். விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று உணர்த்தினார்கள். அதே பயணத்தில், இடைவெளி கண்ட இடத்தில் தம் வாகனத்தை வேகப்படுத்தவும் செய்தார்கள். கூட்டத்தில் நிதானம், வெட்டவெளியில் வேகம்: சோளிங்கர் சாலைக்கும் பந்தயத் தளத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவர் சொல்லமுடியும்?

தந்தையரே, பைக் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. அடுத்து மகன் பணம் கேட்கும்போது எதற்கென்று கேளுங்கள். பிரேக்குக்கு என்றால் மறுக்காதீர்கள். சத்தத்துக்கு என்றால், அது வீண்விரயமும் பிறருக்குத் தொல்லையும் சேர்ந்தது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும், அவர்களுடைய பாதையில் நடப்போரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.