பிரயாணியின் உயிருக்குப் பொறுப்பாளி யார்?

திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத் திருப்பதி, நேபாள தேசத்தின் வடபகுதியில், முஸ்தாங் ஜில்லாவில், கடல் மட்டத்திற்கு 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில், முக்திநாத் என்ற பெயரோடு விளங்குகிறது. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகிய அந்த க்ஷேத்திரத்தை ஆயுளில் ஒரு முறையேனும் தரிசித்துவிட வேண்டும் என்ற ஆசை, தமிழ்நாட்டு வைஷ்ணவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது. முன்னாளில் பெரும்பாலோருக்கு ஆசையாகவே நின்றுபோன அந்த யாத்திரை, ரயிலும் பஸ்ஸும் விமானமும் பெருகிய இந்நாளில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருக்கும், பென்ஷன் வாங்கும் தபால் இலாகா சிப்பந்திக்கும், மகன் அனுப்பிய பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த தாயாருக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. உள்ளூர் யாத்திரை ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டி, ரயிலில் கோரக்பூர் சேர்ந்து, சுனௌலி எல்லையைத் தாண்டி, பஸ்ஸில் லும்பினி, பொக்கரா, காட்மாண்டு என்று சுற்றிவருகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆயினும் அவர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸைப் பற்றியும், அதை ஓட்டுகிறவரைப் பற்றியும், அது ஓடும் பாதையைப் பற்றியும் நாம் எந்த அளவு சிந்தித்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால், கிடைக்கும் விடை திருப்தி தருவதாக இல்லை.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி, பொக்கராவிலிருந்து காட்மாண்டு நோக்கிச் சென்ற ஒரு பஸ், தனஹூன் ஜில்லாவில் ஆன்பு கைரேனிக்கு அருகே பாதையை விட்டு விலகி, ஏறத்தாழ 150 மீட்டர் கீழே, மர்ஸ்யாங்தி நதிக்கரையில் போய் விழுந்தது. அதில் இருந்த 43 பேரில் 27 பேர் மாண்டார்கள். பஸ் கோரக்பூரில் பதிவானது. பிரயாணிகளோ மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் ஜில்லாவிலிருந்து புறப்பட்ட யாத்திரிகர்கள். அவர்களுடைய சடலங்களைச் சொந்த மாநிலத்திற்குக் கொண்டுவந்து சேர்க்க இந்திய விமானப்படையின் விமானம் போக வேண்டியதாயிற்று. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னால், ஜூலை 12-ஆம் தேதி, பொழுது விடிவதற்குமுன், நாராயண்காட்-முக்லிங் சாலையில் சிமல்தால் என்னுமிடத்தில் சரிந்த மலை, 60-க்கும் மேற்பட்டோருடன் இரண்டு பஸ்களைத் திரிசூலி நதிக்குள் தள்ளிவிட்டது. அவர்களிலும் இந்தியர்கள் இருந்தார்கள். காந்தங்களையும் சோனார் கருவிகளையும் ஆற்றுக்குள் இறக்கித் தேடியும், வாரக்கணக்கில் அந்த பஸ்கள் இருந்த இடம் புலப்படவில்லை.

இத்தகைய துர்ச்சம்பவம் நேரும்போதெல்லாம் நாம் செய்வது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. தலைவர்கள் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். சர்க்கார் கருணைத் தொகை அறிவிக்கிறது. வளைவில் டிரைவர் கட்டுப்பாட்டை இழந்தார் என்று ஒரு வரி வெளியாகிறது. பிறகு விதி என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இறந்தவர்களின் உற்றார் தங்கள் ஆறுதலுக்காக விதியை நினைப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பயணத்தை விற்றவர்களும், பாதையைப் போட்டவர்களும், சட்டத்தை நடத்துகிறவர்களும் அதே விதியின் மறைவில் ஒதுங்கிக்கொள்வதை அனுமதிக்கலாகாது. டிரைவர் கட்டுப்பாட்டை இழப்பது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி மாத்திரமே. முந்திய கண்ணிகள் அந்த மலைப்பாதைக்கு வெகு தூரத்தில், பல வேளைகளில் நம்முடைய ஊரின் கடைத்தெருவிலேயே, உருவாகின்றன.

மலையிலிருந்து இறங்கும் ஒரு கனமான வண்டியின் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சமவெளியில் ஓட்டிப் பழகிய டிரைவர், இறக்கத்திலும் சமவெளியில் செய்வதுபோலவே, காலால் பிரேக்கை அழுத்தி அழுத்தி வேகத்தை அடக்கப் பார்க்கிறார். ஒவ்வொரு அழுத்தத்திலும் உராய்வினால் பிறக்கும் உஷ்ணம், அடுத்த வளைவுக்குள் தணிவதற்கு அவகாசமின்றி மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போக, ஒரு கட்டத்தில் சூடேறிய பிரேக், எவ்வளவு பலமாக மிதித்தாலும் பிடிக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மலைநாட்டு டிரைவர்கள் இறக்கத்தின் தொடக்கத்திலேயே கியரைக் குறைத்து, எஞ்சினையே தடையாக நிறுத்தி, பிரேக்கை அவசியத்துக்கு மட்டும் உபயோகிப்பது இந்த அனுபவ ஞானத்தினால்தான். மலேசியாவில் ஜெண்டிங் மலையிலிருந்து இறங்கிய பஸ் 2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி பள்ளத்தில் விழுந்து 37 உயிர்கள் போனபோது, விசாரணையில் வெளிப்பட்டவற்றுள் பிரேக்கின் பழுதும் ஒன்று. ஆகவே எல்லைக்கு இப்பாலுள்ள சமவெளி நகரத்தில் வாடகை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு பஸ்ஸையும், அதனுடன் வரும் டிரைவரையும் அமர்த்திக்கொண்டு இமயமலைக்குள் நுழைவது சிக்கனமாகாது. ஏற்பாட்டாளர் மிச்சப்படுத்தும் பணத்துக்குப் பிரயாணியின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதுதான் பயணத் திட்டம் அச்சிட்ட அந்த ஒற்றைத் தாள். குறைந்த நாட்களில் அதிகமான க்ஷேத்திரங்களைக் காட்டுவதாகச் சொல்லுகிறவரிடமே கூட்டம் சேருகிறது என்பதனால், ஏற்பாட்டாளர்களுக்குள் போட்டி ஏற்பட்டு, நாட்கள் சுருங்கிக்கொண்டும் ஊர்கள் பெருகிக்கொண்டும் வருகின்றன. பொக்கராவிலிருந்து முக்திநாத்தின் வாசலாகிய ஜோம்சோமுக்குச் சிறு விமானங்கள் போகின்றன. ஆனால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிவதற்குள் பலத்த காற்று எழுந்துவிடுவதால், அவை காலை வேளையில் மட்டுமே பறக்க முடியும். மேகம் கவிந்தால் அதுவும் இல்லை. விமானம் நின்றுபோன அன்று, ஏற்பாட்டாளரின் தாளில் மாற்று நாள் என்று ஒன்று இருந்தால் யாத்திரிகர்கள் பொக்கராவில் தங்கி இளைப்பாறுவார்கள். இல்லையென்றால், இழந்த நேரத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டுமே என்று, பேனி வழியாக ஏறும் குறுகிய பாதையிலும், திரும்பும்போது காட்மாண்டு சாலையிலும், இரவென்றும் மழையென்றும் பாராமல் வண்டி ஓடவேண்டியதாகிறது. கோரக்பூரிலே இத்தனை மணிக்கு ரயில். அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கண் அயரும் டிரைவரை அதட்டி எழுப்புவது அந்த ரயில் டிக்கெட்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் டிரைவர் ஒருவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுத்தாக வேண்டும். சாதாரணமாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டியிலுள்ள டாகோகிராப் என்னும் கருவி அவர் ஓட்டிய நேரத்தைத் தானே பதிவுசெய்து வைத்துக்கொள்கிறது. நம் தேசத்திலும் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றுதான் விதிக்கிறது. நெடுந்தூரப் பாதைகளுக்கும் விசேஷ காலங்களுக்கும் மாத்திரம் 10 மணி வரை இடங்கொடுக்கிறது. சட்டம் இருக்கிறது; எண்ணிப் பார்க்கும் கருவியும் கண்காணிக்கும் மனிதரும் இல்லை. எல்லையைத் தாண்டிவிட்டாலோ, கேட்பவர் எவருமே இல்லை. 2025 நவம்பர் மாத மத்தியில், மெக்காவிலிருந்து மதீனாவுக்கு இரவில் சென்ற பஸ் ஒரு டேங்கர் லாரியுடன் மோதித் தீப்பற்றியதில், ஹைதராபாத்திலிருந்து உம்ரா யாத்திரை சென்றிருந்த 40-க்கும் மேற்பட்டோர் மாண்ட சேதி இன்னும் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. எந்த மதத்தின் யாத்திரிகரானாலும் இரவுப் பயணத்தின் அபாயம் ஒன்றே.

துபாயில் நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 2019 ஜூன் 6-ஆம் தேதி, ஈத் விடுமுறைக்குப் பிறகு மஸ்கட்டிலிருந்து திரும்பிய பஸ், பஸ்கள் நுழையக்கூடாத ஒரு வழியில் திரும்பி, உயரமான வண்டிகளைத் தடுப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்த இரும்புத் தடுப்பில் மோதியது. மாண்ட 17 பேரில் 12 பேர் இந்தியர். டிரைவருக்கு முதலில் ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று வாதிப்பது என் நோக்கமன்று. அனுமதித்த வேகத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அவர் சென்றார் என்பதே குற்றச்சாட்டு. ஆனால் எச்சரிக்கைக்கும் தடுப்புக்கும் இடையில் போதிய தூரம் விடப்பட்டிருந்ததா, மோதினால் வளைந்து கொடுக்காத உருக்கினால் தடுப்பை அமைத்தது முறையா என்று அவர் தரப்பு வக்கீல்கள் எழுப்பிய கேள்விகள் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. மனிதன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்தத் தவறு மரணத்தில் முடியாதபடி பாதையை அமைப்பதே பொறியியல் சாஸ்திரத்தின் கடமை.

இதை இத்தாலிய நீதிமன்றங்கள் உணர்ந்திருக்கின்றன. 2013 ஜூலை 28-ஆம் தேதி, அவெல்லினோ நகரத்துக்கு அருகே, யாத்திரையிலிருந்து திரும்பிய பஸ் ஒன்று பிரேக் செயலிழந்து, மேம்பாலத்தின் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு விழுந்து, 40 பேர் இறந்தார்கள். டிரைவரும் இறந்துவிட்டார், நம் ஊராக இருந்தால் வழக்கும் அவரோடு முடிந்திருக்கும். அங்கேயோ, தடுப்பைப் பிடித்திருந்த மரையாணிகள் துருப்பிடித்து அரித்துப்போயிருந்ததைக் கண்டுபிடித்து, பராமரிக்கத் தவறிய நெடுஞ்சாலைக் கம்பெனியின் முன்னாள் தலைமை நிர்வாகிக்கே ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதை 2025-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆயினும் பொறுப்பு மேலே இருப்பவரைச் சென்று சேர்ந்தது.

நம்மவர் விஷயத்தில் பொறுப்பு யாரைச் சேருகிறது? சென்னையிலிருந்து புறப்படும் அதே யாத்திரிகர் அந்நிய நாட்டுக்கு விமானத்தில் பறக்கும்போது, 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியால் உடன்படிக்கை அவருக்குத் துணை நிற்கிறது. 2009 முதல் இந்தியாவும் அதில் அங்கம் வகிக்கிறது. விபத்து நேர்ந்தால், கம்பெனியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரு குறிப்பிட்ட தொகை வரையில் நஷ்டஈடு கேட்கவும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தாம் வசிக்கும் தேசத்திலேயே வழக்கிடவும் அவருடைய குடும்பத்துக்கு உரிமை உண்டு. விமானத்தை விட்டு இறங்கி பஸ்ஸில் கால் வைத்ததும் அந்தப் பாதுகாப்பு முழுவதும் மறைந்துவிடுகிறது. அதன்பின் அந்நிய மண்ணின் சட்டம், அந்நிய பாஷையில் வழக்கு, யாரோ ஒரு பஸ் முதலாளியின் இன்ஷூரன்ஸ். துபாய் விபத்தில் படுகாயமுற்ற ஓர் இந்திய இளைஞருக்கு 50 லட்சம் திர்ஹாம் நஷ்டஈடு கிடைத்தது உண்மைதான். அதற்கும் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. எத்தனை குடும்பங்களுக்கு அந்தச் சக்தி இருக்கும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுப் பயணச் சட்டம் இதற்கு நேர்மையான வழியைக் காட்டுகிறது. தொகுப்புப் பயணத்தை விற்றவரே, அதிலுள்ள பஸ்ஸை வேறொருவர் ஓட்டினாலும், தங்கும் விடுதியை வேறொருவர் நடத்தினாலும், எல்லாச் சேவைகளுக்கும் பிரயாணியிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். நம் தேசத்திலோ, பயண ஏற்பாட்டாளர் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரத்தை விரும்பினால் பெறலாம். பெறாவிட்டாலும் தொழில் நடத்தலாம். ரசீதின் பின்புறத்தில், போக்குவரத்தின்போது நேரும் எதற்கும் தாம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணற்ற முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, மருந்து வாங்கிக் கொடுத்து, வயிறார உணவிட்டு, பத்திரமாக வீடு சேர்க்கும் உத்தமமான ஏற்பாட்டாளர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய சேவையை நான் குறைத்து மதிக்கவில்லை. சட்டம் இல்லாததால் முதலில் நஷ்டப்படுகிறவர்களும் அவர்களேதான். நல்ல பஸ்ஸுக்கும் இரண்டாவது டிரைவருக்கும் பணம் செலவழிக்கிறவர், செலவழிக்காதவரின் மலிவு விலைக்கு முன்னால் நிற்க முடிவதில்லை.

1995 மே மாதம் துருக்கியில் நேர்ந்த பஸ் விபத்தில், மருத்துவப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த மகனைப் பறிகொடுத்தார் ரோஷெல் சோபெல் என்ற அமெரிக்கத் தாய். அழுது ஓய்ந்துவிடாமல், வெளிநாடு செல்வோரின் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு சங்கத்தை நிறுவி, ஒவ்வொரு தேசத்தின் சாலைகளிலும் உள்ள அபாயங்களைத் தொகுத்து, போகிறவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளும்படி செய்தார். உலகத்தில் ஆண்டுதோறும் சாலைகளில் மடிகிறவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்றும், அவர்களில் 92 சதவீதத்தினர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் மடிகிறார்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. நம்முடைய யாத்திரிகர்கள் பெரும்பாலும் அந்த நாடுகளுக்கே செல்கிறார்கள். கொள்ளை நோயைப் பற்றியும் கலகத்தைப் பற்றியும் எச்சரிக்கும் நம் வெளியுறவு அமைச்சகம், எந்த மலைச் சாலையில் எந்த மாதத்தில், எந்த வேளையில் பஸ் பயணம் தவிர்க்கத் தக்கது என்பதையும் இந்திய பாஷைகளில் வெளியிட வேண்டும். பயண ஏற்பாட்டாளர்களுக்குக் கட்டாயப் பதிவும், அவர்கள் விற்கும் பயணம் முழுவதற்கும் சட்டப் பொறுப்பும், பிரயாணிகளுக்கான இன்ஷூரன்ஸும் பார்லிமெண்டு சட்டத்தினால் வர வேண்டும். மலேசியா, 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, 2020 முதல் தயாரான எக்ஸ்பிரஸ் பஸ்களில் பிரயாணிகள் சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைச் செய்ய நமக்கு என்ன தடை?

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கட்டியவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலுள்ள ஆணையத்திலேயே ஏற்பாட்டாளர் மீது புகார் செய்யலாம். தஞ்சாவூர்க்காரர் காட்மாண்டுக்கு அலைய வேண்டாம். ஆகவே, தாய் தந்தையரை யாத்திரைக்கு அனுப்பும் மகன்களையும் மகள்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். முன்பணம் கட்டுவதற்கு முன், மலைப்பாதையில் இரவுப் பயணம் கிடையாது என்றும், அந்த மலையில் ஓட்டிப் பழகிய டிரைவர்கள் இருவர் இருப்பார்கள் என்றும், ஒவ்வொரு இருக்கைக்கும் சீட் பெல்ட் உண்டு என்றும், விமானம் நின்றால் தங்குவதற்கு மாற்று நாள் திட்டத்திலேயே இருக்கிறது என்றும், ஏற்பாட்டாளரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், உங்கள் பெற்றோரை ஒப்படைக்காதீர்கள்.