பாதி வழியில் பிரிந்த ரயில்



மேற்படிப்பிற்காகப் பிள்ளையை வெளிநாடு அனுப்பும்போது நாம் கூறாத அறிவுரை இல்லை. நேரத்திற்குச் சாப்பிடு, பணத்தைப் பார்த்துச் செலவு செய், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை என்றெல்லாம் விமான நிலைய வாசல் வரை சொல்லிக்கொண்டே செல்கிறோம். வழி தவறிப் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்து விடுகிறோம். அந்த மறதியின் விலை என்ன என்பதை என் சகோதரியின் மகனிடமிருந்து அறிந்துகொண்டேன். அவனுடைய அனுமதியுடன் அதை இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் இருக்கும் சிறிய நகரம் ஹோஃப். அங்கே அவன் முதுகலை படித்து வந்தான். 2019 ஜனவரியில், ஊர் திரும்பும் நண்பர் ஒருவரை வழியனுப்ப மியூனிக் சென்றிருந்தான். மறுநாள் காலை அவனுக்குத் தேர்வு. மாலையில் மியூனிக் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அறிவிப்புப் பலகையில் 'ஹோஃப்', 'பிராக்' என்ற இரு பெயர்களும் ஒரே வண்டிக்கு எழுதப்பட்டிருந்தன. ஹோஃப் வழியாகப் பிராக் செல்லும் வண்டி போலும் என்று எண்ணி, காலியாக இருந்த பெட்டியில் ஏறி அமர்ந்தான். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணயர்ந்தான்.

உண்மை வேறு. அந்த வண்டி ரேகன்ஸ்பர்க் தாண்டி ஷ்வாண்டோர்ஃப் என்னும் சந்திப்பை அடைந்ததும் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வடக்கே ஹோஃப் செல்லும். மறு பாதி கிழக்கே திரும்பி, எல்லையைக் கடந்து செக் நாட்டின் தலைநகரான பிராக் செல்லும். நம் நாட்டிலும் ஒரு ரயிலில் வரும் இணைப்புப் பெட்டிகளைச் சந்திப்பில் கழற்றி வேறு ரயிலில் பூட்டுவது பழைய வழக்கமே. ஐரோப்பாவில் இது பல தடங்களில் அன்றாட நிகழ்ச்சி. எந்தப் பெட்டி எங்கே செல்லும் என்பது அந்தந்தப் பெட்டியின் பலகையிலேயே இருக்கும். அவன் வண்டியைப் பார்த்தான், பெட்டியைப் பார்க்கவில்லை.

ஷ்வாண்டோர்ஃபில் எதிர் இருக்கைப் பெரியவர் ஒருவர் அவனைத் தொட்டு எழுப்பி ஏதோ கேட்டார். 'ஹோஃப்' என்ற சொல் மட்டும் இவன் காதில் விழுந்தது. வண்டி ஹோஃப் செல்லுமா என்று அவர் கேட்பதாக எண்ணி, "ஆம், ஆம்" என்று தலையசைத்தான். அவர் அவனை எச்சரிக்கத்தான் முயன்றிருக்கிறார். மொழி புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்று பின்னர் என்னிடம் ஒப்புக்கொண்டான்.

அடுத்து அவனை எழுப்பியவர் செக் நாட்டுப் பரிசோதகர். அவன் கையில் இருந்தது பவேரியா மாநிலத்திற்குள் ஒரு நாள் முழுதும் செல்லுபடியாகும் மலிவுச் சீட்டு. எல்லைக்கு அப்பால் அது செல்லாது. டோமாஜ்லிட்சே என்ற ஊரில் இறங்கும்படி சைகை செய்தார் பரிசோதகர். கைப்பேசி அணைந்து போயிருந்தது. வெளியே உறைபனி. அப்போதுதான் பாஸ்போர்ட் நினைவு வந்தது. உம்மா சொன்னபடி அது ஹோஃபில், அறையின் அலமாரிக்குள் பத்திரமாகப் பூட்டியிருந்தது!

செக் நாடு 2007 டிசம்பர் முதல் ஷெங்கன் ஒப்பந்தத்தில் உள்ள நாடு. ஆகவே எல்லையில் வண்டியை நிறுத்திப் பரிசோதிக்கவில்லை. ஆனால் கதவு திறந்திருப்பதும் உள்ளே நுழைய உரிமை இருப்பதும் ஒன்றல்லவே. ஜெர்மனியில் தங்கும் அனுமதி அட்டை பெற்ற நம் மாணவர் பிற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாட்களில் 90 நாட்கள் வரை சென்று வரலாம்; அட்டையோடு செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். இவனிடம் அட்டை மட்டுமே இருந்தது.

பயம் அவனை ஊமையாக்கிவிட்டது. யாரிடமாவது பேசினால் பாஸ்போர்ட்டைக் கேட்பார்களோ என்று நடைமேடையின் ஓரத்தில் ஒதுங்கி அமர்ந்தான். அவன் கண்ணெதிரே ஒரு வண்டி வந்து நின்று புறப்பட்டுப் போயிற்று. அது ஜெர்மனிக்குத் திரும்பும் வண்டி என்பது அது போன பிறகே தெரிந்தது. குளிர் தாங்காமல் கடைசியில் நிலைய ஊழியர் ஒருவரிடம் சென்று சீட்டை நீட்டி, "ஹோஃப்" என்றான். அவர் சிரித்தார்; பாஸ்போர்ட் எதுவும் கேட்கவில்லை. ஒரு தாளில் அடுத்த வண்டியின் நேரத்தையும், மாற வேண்டிய நிலையத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்! முன்பே கேட்டிருந்தால் முந்தைய வண்டியிலேயே திரும்பியிருப்பான்.

திரும்பும் வழியில், எல்லை தாண்டிய முதல் ஜெர்மன் நிலையமான ஃபூர்த் இம் வால்ட்டில் காவலர் இருவர் ஏறினர். இம்முறை அவன் எதையும் மறைக்கவில்லை. அட்டையையும், சீட்டையும், தாளில் எழுதிய குறிப்பையும் காட்டி நடந்ததைச் சொன்னான். அவர்கள் விவரங்களைச் சரிபார்த்து, இனி பாஸ்போர்ட் இல்லாமல் எல்லைப் பக்கம் வராதே என்று கண்டித்து விட்டுச் சென்றனர். ஷ்வாண்டோர்ஃப் வந்தபோது ஹோஃப் செல்லும் கடைசி வண்டி போய்விட்டது. இரவு முழுதும் விழித்திருந்து, அதிகாலை வண்டியில் சென்று, உறக்கமில்லாத கண்களுடன் தேர்வு எழுதினான். தேறவில்லை.

இந்த இடத்தில்தான் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். அன்று மாலை தொலைபேசியில் அவன் வாப்பா, "தேர்வு எப்படி?" என்று கேட்டார். "நன்றாக எழுதினேன் வாப்பா" என்றான். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தந்தையிடம், ரயில் மாறி ஏறினேன் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. ரயிலில் சொன்ன "ஆம், ஆம்" என்ற அதே பதில்தான் இதுவும். மறு தேர்வில் தேறும் வரை, ஏறத்தாழ ஆறு மாதம், அந்தப் பொய்யைத் தனியே சுமந்திருக்கிறான்.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஒரு நாள் சாப்பாட்டு விரிப்பில் எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொன்னான். என் சகோதரி, "பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கச் சொன்னது நான்தானே" என்று கண் கலங்கினாள். மைத்துனர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரயில் தவறியது பெரிதில்லை மகனே, அதை என்னிடம் சொல்லப் பயந்தாயே, அதுதான் என்னை வருத்துகிறது" என்றார். நான் மைத்துனரைப் பார்த்தேன். அந்தப் பயத்தை ஊட்டியவர் யார் என்பது அவருக்கும் புரிந்திருந்தது.

பிள்ளைகளை ஐரோப்பாவிற்கு அனுப்பும் பெற்றோர்களே! அங்கே பெயர்களே ஆளை ஏமாற்றும். ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் என்று இரு நகரங்கள் உண்டு. ஒன்று மைன் நதிக்கரையில், மற்றது போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில். 'கார் தெ லியோன்' என்னும் பெரிய நிலையம் இருப்பது பாரிஸில், லியோன் நகரில் அன்று. இத்தாலியர் மியூனிக்கை 'மொனாக்கோ' என்றே அழைப்பர். இவற்றில் தடுமாறுவது அறிவின்மை ஆகாது.

வண்டியே தாமதித்தால் பயணிக்கு உரிமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு மணி நேரத் தாமதத்திற்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்டால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். கடும் இயற்கைச் சீற்றம் போன்றவற்றிற்கு விலக்கு உண்டு. தவறான பெட்டியில் ஏறியவருக்கு இது பொருந்தாது. ஆனால் அவருக்கும் உதவி இருக்கிறது. ஜெர்மனியின் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் 'பான்ஹோஃப்ஸ்மிஸியோன்' என்ற உதவி நிலையம் உண்டு. 1894இல் பெர்லினில் தொடங்கிய இந்தக் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, மதமோ நாடோ பாராமல், வழி தெரியாதவருக்கு வழிகாட்டுகிறது. ஆனால் அந்தக் கதவையும் நாம்தான் சென்று தட்ட வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை மகனையோ மகளையோ வழியனுப்பும்போது, எல்லை அருகே பயணம் என்றால் பாஸ்போர்ட்டை உடன் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியின் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாதபோது "புரியவில்லை" என்று தயங்காமல் கூறச் சொல்லுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "தவறு நேர்ந்தால் முதலில் எங்களிடம் சொல், நாங்கள் கோபிக்க மாட்டோம்" என்ற வாக்கைக் கொடுத்து அனுப்புங்கள். கொடுத்த பின் அதைக் காப்பாற்றுங்கள்.

என் மருமகன் இப்போது எந்த ரயிலில் ஏறினாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டே அமர்கிறானாம். அமர்ந்ததும் வாப்பாவிற்கு ஒரு செய்தியும் அனுப்புகிறான்: "சரியான பெட்டிதான்."