நடவாத சண்டையும் அதன் தீர்ப்பும்

நமது விடுதியில் இரவு உணவிற்குப் பின் நிகழும் தர்க்கங்களுள் ஆண்டுதோறும் எழுவதும் ஒருபோதும் முடிவு பெறாததுமாகிய தர்க்கம் ஒன்று உண்டு. ராக்கி மார்ஸியானோவும் முகம்மது அலியும் தத்தம் முழு வலிமையோடு விளங்கிய காலத்தில் ஒரே கோதாவில் எதிர்ப்பட்டிருப்பின் வென்றிருப்பவர் யாவர் என்பதே அது. இருவரும் மறைந்து போயினர். இருவர் காலமும் வேறு. வாழ்நாளில் குத்துச் சண்டைக் கையுறையைத் தொட்டறியாத யாமோ மேசைமீது குத்திக்கொண்டு வாதிடுகிறோம். இது வீண் பொழுதுபோக்கு என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். எனினும் இத்தர்க்கத்தின் சரித்திரத்தைச் சற்றே துருவி நோக்கியபின், இஃது அத்துணை வீணன்று என்னும் அபிப்பிராயம் எனக்கு உண்டாயிற்று. அதனையே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். யான் ஆதியில் மார்ஸியானோவின் கட்சியினன். தோல்வி என்பதையே அறியாத ஒருவனிடம் இளைஞர் மனம் ஈடுபடுதல் இயல்பன்றோ? அவர் 1923-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துப் பிராக்டன் நகரிலே, இத்தாலியிலிருந்து குடியேறிய ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். தொழில்முறையில் செய்த சண்டை 49, வென்றவையும் 49, அவற்றுள் எதிரியை முழுச் சுற்றும் நிற்கவிடாது முடித்தவை 43. 1952 முதல் ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம் தாங்கி, 1956-ல் அதனைத் தாமே துறந்து விலகினார். அலியோ 1942-ல் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் பிறந்து, 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்று, 1964-ல் ஸன்னி லிஸ்டனை வென்று சாம்பியன் ஆனவர். அவர் கணக்கில் வெற்றி 56, தோல்வி 5. எண்ணை மட்டும் வைத்துப் பேசுவோமாயின் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

எண்ணை மட்டும் வைத்துப் பேசிய யந்திரம் ஒன்றும் மெய்யாகவே இருந்தது. 1967-ஆம் ஆண்டில் மயாமி நகரத்து வானொலித் தயாரிப்பாளர் மரீ வொரோனர் என்பவர், பழைய சாம்பியன்களையும் புதிய சாம்பியன்களையும் ஒருங்கே திரட்டிக் கம்ப்யூட்டரின் வாயிலாக ஒரு போட்டி நிகழ்த்தினார். ஒவ்வொரு வீரரது வேகம், வலிமை, தாங்கும் ஆற்றல் முதலியவற்றை அறிஞரிடம் கேட்டு மதிப்பெண்களாக்கி யந்திரத்திற்கு ஊட்டினர்; அது கக்கிய முடிவுகளை நேரில் நடக்கும் சண்டைபோல வானொலியில் வருணித்தனர். இறுதியில் ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தி மார்ஸியானோ முதல்வரானார். அலி அவ்வளவு தூரம் வரவில்லை. இடைச் சுற்றொன்றிலேயே ஜேம்ஸ் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக யந்திரம் தீர்ப்பளித்தது.

ஜெஃப்ரீஸ் யார் என்பதை அறிந்தாலன்றி அத்தீர்ப்பின் கசப்பு விளங்காது. சாம்பியனாயிருந்த 1899 முதல் 1905 வரை, ஜாக் ஜான்ஸன் என்னும் கறுப்பினத்து வீரரோடு மோத இசையாதவர் அவர். பின்னர் அந்த ஜான்ஸனே சாம்பியனாகிவிட, வெள்ளையர் மானத்தைக் காத்தருள வேண்டும் என்று பலரும் வற்புறுத்த, ஓய்விலிருந்து மீண்டு 1910 ஜூலை 4-ல் ரீனோ நகரத்துக் கோதாவில் ஏறிப் பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தவர். அத்தகையவரிடம் தாம் தோற்றதாக நாடெங்கும் ஒலிபரப்பியதை அலி பொறுப்பாரா? தம் பெயருக்கு இழுக்கு நேர்ந்ததென்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். வொரோனர் சாதுரியமுள்ளவர். வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டு, ஒரு தொகையும் வசூலில் பங்கும் தருவதாகக் கூறி, மார்ஸியானோவோடு படத்திலே சண்டையிட அலியை இணங்குவித்தார்.

1969-ல் மயாமியில் அப்படப்பிடிப்பு நிகழ்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே விலகிய மார்ஸியானோ, பெருத்துவிட்ட தம் உடலில் ஐம்பது ராத்தல் அளவு குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்ம்மயிர் அணிந்து வந்தார். ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாக எழுபதுக்கு மேற்பட்ட சுற்றுகளைப் படம் பிடித்தனர். முடிவுகளும் பல வகையாய் எடுக்கப்பட்டன. எம்முடிவு காட்டப்படும் என்பதை இருவர்க்கும் தெரிவிக்கவில்லை. அச்சில நாட்களில் இருவரும் நண்பராயினர் என்பர். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், ஆகஸ்டு 31-ஆம் தேதி, தமது நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், மார்ஸியானோ விமான விபத்தில் இறந்தார். தாம் வென்றதை அவர் அறியவே இல்லை. 1970 ஜனவரி 20-ல் படம் காட்டப்பட்டபோது பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்ந்தார். பிரிட்டனில் காட்டிய படத்திலோ அலி வென்றார்! ஒரே யந்திரம், ஒரே சண்டை, கடலுக்கு அப்பால் வேறு தீர்ப்பு. அந்த யந்திரம் அலபாமாவில் செய்யப்பட்டது போலும் என்று அலி எள்ளினாராம். கறுப்பினத்தவர்க்கு அக்காலத்தில் அலபாமா இழைத்த கொடுமைகளை அறிந்தோர்க்கு அந்நகை எளிதில் விளங்கும்.

இனி என் வாதத்திற்கு வருகின்றேன். எந்த மார்ஸியானோ, எந்த அலி என்பதை வரையறுத்துக் கொள்ளாமலே நம்மவர் வாதிடுகின்றனர். மார்ஸியானோவைப் பற்றி ஐயமில்லை. 1952 முதல் 1955 வரை அவர் ஒரே தன்மையராயிருந்தார். அலியோ இருவர். 1967-க்கு முன் இருந்தவர் ஒருவர்; 1970-க்குப் பின் வந்தவர் மற்றொருவர். முன்னவரைக் காண விரும்புவோர் 1966 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் கிளீவ்லண்டு வில்லியம்ஸோடு அவர் புரிந்த சண்டையின் படத்தைப் பார்த்தல் வேண்டும். மூன்றே சுற்று. ஆறடி மூன்றங்குல உயரமுடைய ஒருவர் நாட்டியக்காரனைப்போல் வட்டமிட்டுப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே குத்துகிறார். எதிரியின் குத்து வந்து சேருமிடத்தில் அவர் இருப்பதில்லை. பின்னவரோ குத்துகளை வாங்கிக்கொண்டு வெல்லக் கற்றவர். 1974-ல் கின்ஷாஸாவில் கயிற்றின்மேல் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மனை அடிக்கவிட்டு அயரச் செய்து எட்டாம் சுற்றில் வீழ்த்தியது உலகம் வியந்த செயல்தான். ஆயினும் கால்கள் பழைய கால்களாயிருந்தால் அவருக்கு அவ்வுபாயம் வேண்டியிருந்திராது.

மார்ஸியானோவைக் குறைத்துப் பேசுவதும் எனக்கு உடன்பாடன்று. ஐந்தடி பத்தங்குல உயரமும் 188 ராத்தல் அளவு எடையும் கொண்ட அம்மனிதர், தம்மினும் பெரியோரைக் குனிந்து புகுந்து, ஓயாது அடித்து வீழ்த்தினார். எதிரியின் தலை கிட்டாவிடில் கையையே அடிப்பார். 1953-ல் ரோலண்டு லா ஸ்டார்ஸா தம் முகத்தைக் கையால் மறைத்துக் காத்தபோது, அக்கைகளையே நரம்பு நையப் புடைத்துப் பதினோராம் சுற்றில் முடித்தார். 1952-ல் ஜெர்ஸி ஜோ வால்காட்டோடு பட்டத்திற்காகப் பொருதபோது முதற்சுற்றிலேயே கீழே விழுந்தார்; பன்னிரண்டு சுற்று முடிய மதிப்பெண்ணில் பின்தங்கியே நின்றார்; பதின்மூன்றாம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் வால்காட்டைச் சாய்த்தார். இத்தகைய நெஞ்சுரத்தை எந்த அட்டவணையில் எழுதுவது?

ஆயின் அவர் வென்றோரின் வயதையும் நோக்குதல் நேர்மை. வால்காட்டுக்கு அன்று 38. ஜோ லூயிஸை 1951-ல் எட்டாம் சுற்றில் வீழ்த்தியபோது லூயிஸுக்கு 37. ஆர்ச்சி மூரும் இளைஞரல்லர். அவரும் இரண்டாம் சுற்றில் மார்ஸியானோவைக் கீழே தள்ளிய பின்னரே தோற்றார். வேகமும் உயரமும் இளமையும் ஒருங்கே அமைந்த ஒருவர் மார்ஸியானோவின் வழியில் குறுக்கிட்டதே இல்லை. அது அவர் குற்றமன்று, காலத்தின் அமைப்பு.

எதிர்க்கட்சியினரின் வலிய அஸ்திரம் ஜோ ஃப்ரேஸியர். "மார்ஸியானோவைப் போலவே குட்டையாய், குனிந்து, ஓயாது முன்னேறி வந்த ஃப்ரேஸியர் 1971 மார்ச் 8-ல் நியூயார்க்கில் அலியை வென்றாரே, பதினைந்தாம் சுற்றில் தரையில் கிடத்தினாரே! பின் மார்ஸியானோவுக்கு என்ன தடை?" என்று வினவுவர். நல்ல வினாவே. பல நாள் எனக்கும் இதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. பின்னர் அலி விழுந்த விழுகைகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தேன். 1962-ல் ஸன்னி பாங்க்ஸ், 1963-ல் ஹென்றி கூப்பர், 1971-ல் ஃப்ரேஸியர் — மூவரும் அவரை வீழ்த்தியது இடக்கையைக் கொக்கிபோல் வளைத்து அடிக்கும் குத்தினால். கைகளைத் தாழ விட்டுத் தலையை நேர்பின்னே இழுக்கும் அலியின் வழக்கத்திற்கு அக்குத்தே கூற்றுவன். மார்ஸியானோவின் பேர்பெற்ற ஆயுதமோ வலக்கை. அவரிடம் இடக்கைக் குத்தும் உண்டு என்பர்; மெய்யே; ஆயினும் ஃப்ரேஸியரின் இடக்கை அதுவன்று. மேலும் ஃப்ரேஸியர் அன்று 205 ராத்தல் எடையுடையவர். கையின் எட்டமும் மார்ஸியானோவினும் ஐந்து அங்குலம் மிக்கவர். மார்ஸியானோவுக்கும் அலிக்கும் எட்ட வேறுபாடு பத்து அங்குலம்.

இவை யாவற்றினும் முக்கியமானது, ஃப்ரேஸியர் வென்ற அலி பின்னைய அலி என்பதே. 1967 ஏப்ரல் 28-ல் வியட்நாம் போருக்கான சேனையில் சேர மறுத்த அன்றே அவரது உரிமம் பறிபோயிற்று. பட்டமும் போயிற்று. ஐந்தாண்டுச் சிறையும் பதினாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை புகவில்லை. அந்நிய நாடு சென்று சண்டையிடாவண்ணம் கடவுச் சீட்டும் பறிக்கப்பட்டது. 1967 மார்ச்சுக்கும் 1970 அக்டோபருக்கும் இடையே, இருபத்தைந்து வயது முதல் இருபத்தெட்டு வயது வரை, மூன்று ஆண்டும் ஏழு மாதமும் அவர் கோதாவில் ஏறவில்லை. கல்லூரி கல்லூரியாய்ச் சென்று மாணவர்முன் சொற்பொழிவாற்றிப் பொருளீட்டினார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் தண்டனையைத் தள்ளியது. ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தால் இயலும்?

அந்த மூன்றாண்டின் நடுவிலேதான் யந்திரச் சண்டை நிகழ்ந்தது என்பதை யாம் மறந்துவிடுகின்றோம். மெய்யான அலி எந்த மாகாணத்திலும் சண்டையிடக் கூடாது. அவர் நிழல் மட்டும் திரையில் சண்டையிடலாம், தோற்கலாம். விற்பனைக்கு வந்தது அதுவே. ஓய்வுபெற்ற வெள்ளை வீரர், தோல்வியறியாதவர், சேனைக்குச் செல்ல மறுத்த கறுப்பு வீரரைத் திரையிலே வீழ்த்துவதைக் காணக் கட்டணம் செலுத்தினோர் குத்துச் சண்டை ஒன்றையே காணச் சென்றனர் என்று யான் நம்பவில்லை. இதில் மார்ஸியானோ மீது பழி சுமத்தேன். வொரோனரும் வியாபாரி, அவ்வளவே. ஆயின் விடுதித் தர்க்கத்தில், "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று ஒரு நண்பர் கைகொட்டும்போது எனக்குக் கோபம் மூளுவது இதனால்தான். 1967 முதல் 1970 வரை இருந்திருக்க வேண்டிய அலியை ஒருவரும் கண்டதில்லை. காணாத ஒருவனுக்கு மதிப்பெண் இட்டவர் யார்?

எனது தீர்ப்பைக் கேட்பீராயின் கூறுகின்றேன். 1966-ன் அலியும் 1952-ன் மார்ஸியானோவும் எதிர்ப்படின் அலியே வெல்வார். மார்ஸியானோ தரையில் விழுந்தல்ல, நடுவர் தடுப்பதனால் தோற்பார். காரணம் மார்ஸியானோவின் தோல். அஃது எளிதில் கிழியும். 1954 ஜூனில் எஸர்டு சார்ல்ஸ் அவர் கண்மேல் புண் உண்டாக்கினார். செப்டம்பரில் மீண்டும் பொருதபோது மூக்கையே பிளந்துவிட்டார். சண்டை நிறுத்தப்படுமோ என்னும் அச்சத்தில் மார்ஸியானோ விரைந்து எட்டாம் சுற்றில் முடித்தார். சார்ல்ஸ் எதிரே நின்றதால் அது முடிந்தது. பத்து அங்குலத்திற்கு அப்பால் நின்று அதே புண்ணை மீண்டும் மீண்டும் தொட வல்ல அலி அவ்வாறு கைக்கு அகப்படுவாரா? பத்தாம் சுற்றுக்குப் பின்னர் நடுவர் இடையே புகுவார் என்பது என் மதிப்பு. 1971-ன் அலியாயின், யான் பந்தயம் கட்டேன்.

இதை உணவு மேசையில் கூறியபோது, மார்ஸியானோ கட்சியின் தலைவராகிய நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "சண்டை பன்னிரண்டு சுற்றா, பதினைந்து சுற்றா?" என்றார். 1982-ல் லாஸ் வேகாஸ் கோதாவில் கொரிய வீரர் ஒருவர் அடிபட்டு இறந்தபின், சாம்பியன் சண்டைகளை ஒவ்வொரு சங்கமாகப் பன்னிரண்டு சுற்றாகக் குறைத்துவிட்டன. அவ்விதி 1952-ல் இருந்திருப்பின் மார்ஸியானோ சாம்பியனாகியிரார். யான் பழைய விதிப்படி பதினைந்து என்றே ஒப்புக்கொண்டேன். "அப்படியானால் பதின்மூன்றாம் சுற்றுவரை நடுவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்" என்று கூறித் தட்டைக் கழுவ எழுந்து போனார்.