கைகொடுக்கும்போது பாயும் பொறி



மார்கழி, தை மாதங்களில் ஆராதனை முடிந்து ஒருவருக்கொருவர் கைகொடுக்கும்போது ‘சுரீர்’ என்று அடிக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கதவுப் பிடியைத் தொட்டாலும் அதே கதைதான். அதுதான் நிலைமின்.

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவில் நேரேற்றமுள்ள புரோத்தன்களும் மறையேற்றமுள்ள இலத்திரன்களும் சமமாக இருக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. கார்ப்பெற்றில் சப்பாத்து உரசும்போது இலத்திரன்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய், நம் உடலில் ஏற்றம் சேருகிறது. ஈரக்காற்று உள்ள நாட்களில் அது சத்தமில்லாமல் கசிந்துவிடும். குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டுக் காற்று உலர்ந்திருப்பதால் அது தங்கிவிடுகிறது. உலோகத்தைத் தொட்டதும் ஒரேயடியாகப் பாய்கிறது. நமக்கு உறைப்பதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ற் வேண்டும். ஆனாலும் பாயும் ஏற்றம் மிகச் சிறிது என்பதால் உடலுக்குக் கேடில்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பலூனை ஊதி, உலர்ந்த தலைமயிரில் தேய்த்து, கடதாசித் துண்டுகளுக்கு மேலே பிடியுங்கள். துண்டுகள் துள்ளி ஒட்டும். கடதாசியை நாம் தேய்க்கவில்லையே, ஏன் ஒட்டுகிறது? பலூனின் மறையேற்றம் கடதாசியிலுள்ள இலத்திரன்களைச் சற்றுத் தள்ளிவிடும். கிட்டிய பக்கம் நேரேற்றமாகும். தூரம் இரட்டித்தால் மின்விசை நாலிலொரு பங்காகும் என்று பிரெஞ்சு அறிஞர் கூலோம் 1785இல் காட்டினார். ஆகவே கிட்ட உள்ளதன் கவர்ச்சி, தள்ளி உள்ளதன் விலக்கலை வென்றுவிடுகிறது.

இனி எசேக்கியேல் 1:4ஐத் திறந்து பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சொகுசா’ என்றொரு சொல் வரும். எபிரெயத்தில் அது ‘ஹஷ்மல்’. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ‘எலெக்ட்ரோன்’ என்றது. அம்பர் என்ற கெட்டியான மரப்பிசினுக்கும் அதே பெயர். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அதிலிருந்தே மின்சாரத்துக்கு ஆங்கிலப் பெயர் வந்தது. இன்றைய எபிரெயத்தில் ‘ஹஷ்மல்’ என்றாலே மின்சாரம்தான்.

தாதியரான எங்களுக்கு இது வெறும் பள்ளிப் பாடமல்ல. ஈதர், சைக்கிளோபுரோப்பேன் போன்ற தீப்பற்றும் மயக்கமருந்துகள் பாவித்த காலத்தில், சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு சிறு பொறியே வெடிப்பை உண்டாக்கிவிடும். அதனால் தாதியர் நைலோனைத் தவிர்த்துப் பருத்தி உடுத்தார்கள். ஏற்றத்தைக் கடத்திவிடும் சப்பாத்துகளும் தரைகளும் வந்தன.

அந்த மருந்துகள் இங்கே பாவனையிலிருந்து போய்விட்டன. தீப்பற்றும் ஆவி மட்டும் பெற்றோல் நிலையத்தில் இன்னும் இருக்கிறது. குளிர் தாங்காமல், பெற்றோல் ஏறும்போதே காருக்குள் போய் இருந்துவிட்டு வருகிறோம். இருக்கையில் உரசி இறங்கும்போது ஏற்றம் சேர்கிறது. குழாயைத் தொடும் இடத்தில் பொறி பாய்ந்தால் ஆவி பற்றிக்கொள்ளலாம். ஆகவே ஏறி முடியும்வரை வெளியிலேயே நில்லுங்கள். உள்ளே போயிருந்தால், குழாயைத் தொடுமுன் அதற்குத் தள்ளி, காரின் உலோகப் பகுதியை வெறுங்கையால் தொடுங்கள். தீப்பற்றினால் குழாயை வெளியே இழுக்கவே வேண்டாம். விலகிப்போய் ஊழியரிடம் சொல்லுங்கள்.

வாகனம் ஓட்டப் பழகும் அண்ணா அக்காமாருக்கும், அப்பா அம்மாவுக்கும் இதை இன்றைக்கே சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு கைகொடுக்கும்போது அடித்தால் சிரித்துக்கொள்வோம். பெற்றோல் நிலையத்தில் மட்டும் கவனமாயிருப்போம்.